நட்டின் மேல் சிவப்புக் கோடு

ஜூலை 12, சனி

காலை ஏழு மணிக்குத் தரம் 78. சாரல் கனத்த எட்டரைக்கு 71. வெயில் எட்டிப் பார்த்ததும் மறுபடி 78.

இந்த எண்ணை எழுதாமல் இப்போதெல்லாம் பாடப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. என் மேசை ரிசீவர் அறையில் இருக்கிறது. வீட்டில் வேறு இடம் இல்லை. பன்னிரண்டு ரிசீவர்களும் நாளெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். மேலே இருப்பதில் மட்டும் சிக்னலின் தரம் பச்சை எண்ணாகத் தெரியும். மாடியில் நிற்கும் பன்னிரண்டு அடி டிஷ் வானத்திலிருந்து எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதற்கு அதுதான் மார்க். அதைத்தான் அப்பா இலஞ்சியில் நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் குற்றாலத்தில் ஒன்பது லாட்ஜுகளுக்கும் கேபிளில் அனுப்புகிறார்.

தென்காசி நூலகத்தில் எடுத்த புத்தகம் பெரிய ஆன்டெனாக்களைப் பற்றியது. ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். ஒரு டிஷ்ஷை என்னவெல்லாம் கெடுக்கும் என்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. மேற்பரப்பின் மேடுபள்ளம். காற்று. வெயிலின் சூடு. தன் எடையாலேயே தொய்வது. நடுவில் ஏதாவது மறைப்பது. குவியத்தில் இருக்க வேண்டியது விலகுவது. குறி தவறுவது. வாசிக்க வாசிக்க எங்கள் மாடிதான் கண்ணுக்குள் வந்தது. இதையே அறிவியல் கண்காட்சிக்குச் செய்யட்டுமா என்று உமாராணி டீச்சரிடம் கேட்டேன். "அளந்து எழுது. அளக்காம கதை எழுதாத, வேல்விழி" என்றார்.

அப்பா மாடிச் சாவியை என்னிடமே தந்துவிட்டார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப்பிள்ளைக்கு ஏணியும் ஸ்பேனரும் எதுக்குங்கேன்?"

அப்பா சிரித்தார். "எம் பிள்ளை அளந்து சொல்லட்டும். பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் வாசல்ல வந்து நிப்பான், பாத்துக்கிடு."

ஜூலை 16, புதன்

விளிம்பிலிருந்து விளிம்புக்கு நூல் கட்டி அளந்தேன். மேற்குப் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் பள்ளம். எங்களுக்கு வருவது ஏழரை சென்டிமீட்டர் அலை. புத்தகக் கணக்குப்படி அதில் பதினாறில் ஒரு பங்குக்குள் மேடுபள்ளம் இருந்தால் நல்லது, அதாவது அரை சென்டிமீட்டர். பள்ளத்தின் காரணம்: குரங்கு. டிஷ் கிட்டத்தட்ட நேர் மேலே பார்க்கிறது, பெரிய வட்டிலைப் போல. அவற்றுக்கு அது தொட்டில்.

ஜூலை 20, ஞாயிறு

சுடலை அண்ணன் இன்று புலியோடு வந்தார். சுடலைமுத்து என்று முழுப்பெயர். பதினான்கு வருடமாக அப்பாவிடம் லைன் பார்க்கிறார். குரங்கை விரட்ட, ஐந்தருவிக் கடையில் பொம்மைப் புலி ஒன்று வாங்கி வந்திருந்தார்.

"நடுவுல வைக்காதீங்க அண்ணே. சிக்னல மறைக்கும்."

"புலி எங்கன உக்காரணும்னு புலியில்லா முடிவு பண்ணணும்."

கடைசியில் விளிம்பில்தான் கட்டினார். பிறகு டிஷ்ஷின் முதுகுப் பக்கம் போனார். அங்கே ஒரு குழாய், அதற்குள் இன்னொரு குழாய். உள்குழாய் வெளியே வந்தால் டிஷ் நிமிரும், உள்ளே போனால் சாயும். இரண்டும் சேரும் இடத்தில் ஓர் இரும்புப் பட்டை. நட்டை முறுக்கினால் பட்டை குழாயைக் கவ்விக்கொள்ளும். சுடலை அண்ணன் கால் ஊன்றி முறுக்கினார். சட்டைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, நட்டின் மேல் தொடங்கிப் பட்டையில் முடியும்படி ஒரு கோடு போட்டார்.

"நட்டு ஒரு இழை திரும்பினாலும் கோடு ரெண்டா ஒடஞ்சு காட்டிக் குடுத்துரும். உம் மதினிக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தது. இங்கனயே இருக்கட்டும்" என்று பாட்டிலை இந்த அறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது சொன்னது: புரட்டாசியில் ஒருநாள் மத்தியானத்துக்குச் சற்று முன் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். பத்து நிமிடம் படமே வராது. அப்போது டிஷ்ஷுக்கு மேலே, அது குவிக்கும் சிக்னலை வாங்குவதற்காகத் தொங்கும் எல்.என்.பி.யின் நிழல் நட்ட நடுவில் விழ வேண்டும். விழுந்தால் எல்லாம் சரி. வருடம் தவறாமல் அவர் ஏறிப் பார்ப்பாராம்.

ஜூலை 26, சனி

மாதாந்திர மின்தடை. ஒரு வீட்டிலும் டிவி ஓடாது. இதை விட்டால் குறி தவறுவதை அளக்க வேறு நாள் கிடைக்காது. அப்பா குற்றாலம் போயிருந்தார். பேட்டரியில் ஓடி அதே எண்ணைக் காட்டும் கை மீட்டரை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

முதலில் குவியம். எல்.என்.பி.யை மூன்று கம்பிகள் தாங்குகின்றன. ஒவ்வொரு கம்பியின் அடியிலிருந்தும் எல்.என்.பி. வரை அளந்தேன்: மூன்றும் 6 அடி 6 அங்குலம். பிறகு நட்டைத் தளர்த்தினேன். உள்குழாய் முதலில் 11.4 செ.மீ. வெளியே இருந்தது. அரை அரை சென்டிமீட்டராக உள்ளே விட்டேன். 78. 74. 60. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு சாட்டிலைட்டே தொலைந்துபோகிறது. இதைப் புத்தகத்தில் வாசிப்பது வேறு, கையில் பார்ப்பது வேறு.

மறுபடி 11.4-க்குக் கொண்டுவந்து, என் பலம் எல்லாம் போட்டு முறுக்கினேன். சிவப்புக் கோடு உடைந்திருந்தது. ஸ்பேனர் நுனியால் சுரண்டிவிட்டு, ஜன்னல் பாட்டிலை எடுத்துப் புதுக் கோடு போட்டேன். கண்காட்சிக்கென்று வைத்திருக்கும் அளந்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன், கோடு போட்டதையும். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லும்படி என்ன நடந்தது?

ஜூலை 27, ஞாயிறு

தரம் 78. நல்ல காற்று.

ஜூலை 28, திங்கள்

காலையில் எண் இல்லை. கோடு மட்டும் — பச்சையில் இரண்டு சிறு கோடு.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பின்னால் நானும். உள்குழாய் முழுக்க உள்ளே இறங்கி, டிஷ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிடந்தது. காற்றா, குரங்கா, தெரியாது. புலி பக்கத்து வீட்டுத் தென்னையில் தொங்கியது. சீசன் உச்சத்தில் ஒன்பது லாட்ஜிலும் டிவி இல்லை. அப்பாவின் போன் நிற்காமல் அடித்தது. சுடலை அண்ணன் செருப்பைக் கழற்றாமல் ஓடி வந்தார்.

அப்பா உள்குழாயைப் பிடித்து ஆட்டினார். பட்டைக்குள் வழுக்கியது.

"கோடு போட்டிருக்கு. பட்டை லூசா கெடக்கு. முறுக்காமயே கோடு போட்டியாலே?"

"முறுக்கினேன் அண்ணாச்சி."

"நட்டு அவுந்திருந்தா கோடு ஒடஞ்சிருக்கணும்லா? நீதான சொல்லுவ."

கோடு உடையவில்லை. நட்டு திரும்பவே இல்லை. குழாய்தான் பட்டைக்குள் வழுக்கி இறங்கியிருக்கிறது, நான் முறுக்கியது போதாமல். சுடலை அண்ணன் குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்திருந்தால் ஒரு வரி. ஒரே ஒரு வரி.

ஜூலை 29, செவ்வாய்

"மறந்திருப்பேனோ என்னவோ அண்ணாச்சி. அன்னைக்கு புலியக் கட்டுத யோசனையில..."

"சீசன்ல எம் மானம் போச்சு. கொஞ்ச நாளைக்கு வரண்டாம்லே."

சுடலை அண்ணன் டூல் பையை இந்த அறையில்தான், என் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அப்பா மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "இனி ஒருத்தரும் ஏறக் கூடாது. நீயும்தான் ஏட்டி."

ஜூலை 30

அவர் ஏன் மறந்திருப்பேனோ என்று சொன்னார். ஏன் சண்டை போடவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வந்தார். மூன்று மணி நேரம் மாடியில் இருந்தார். எண் 64-க்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. "டிஷ்ஷுக்கு வயசாயிட்டு சார். புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் சாரல் விழுந்ததும் 55. படம் சதுரம் சதுரமாக உடைந்தது.

அறை, பள்ளி, அறை. திரும்பினால் எண். புத்தகத்தால் மறைத்தால் சத்தம். மழையால் ஜன்னலும் சாத்தியிருக்கிறது. ஜன்னலில் அந்தப் பாட்டில்.

ஆகஸ்ட் 9, சனி

உமாராணி டீச்சர் அளந்த நோட்டைக் கேட்டார். "காணாமப் போச்சு டீச்சர்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தேடு" என்றார்.

நோட்டு பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. இன்று புது நோட்டில் எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன், ஜூலை 26 இல்லாமல். இருபதுக்கு அடுத்து நேராக ஆகஸ்ட். அழகாக வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில்தான் மூன்று கம்பிகளின் அளவும் இருக்கிறது.

இதை எழுதும்போதுதான் பிடிபட்டது. மெக்கானிக் குறியை மட்டும் சரிசெய்திருக்கிறார். டிஷ் சுவரில் விழுந்த வேகத்தில் ஒரு கம்பி வளைந்திருந்தால்? எல்.என்.பி. குவியத்தில் இல்லையென்றால் எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்த்தினாலும் 78 வராது. மறுபடி அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றும் முன்னால் ஒரே அளவில்தான் இருந்தனவா, எவ்வளவு இருந்தன என்பது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதே பக்கத்தில், நாலு வரி கீழே, "கோடு மறுபடி போட்டேன்" என்று என் கையெழுத்தில்.

புது நோட்டைக் கிழித்துப்போட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"அப்பா, அந்தக் கம்பியை ஒருக்க அளந்து பாருங்களேன்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

"எவ்வளவு இருக்கணும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

ஒன்பதில் ஆறு லாட்ஜ் எங்கள் கேபிளை விட்டுப் போய்விட்டது. அப்பா சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார், பெரிய கம்பெனிக்கே லைனைக் கொடுத்துவிடலாம் என்று. அம்மா சரி என்றாள், இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இருவரும் என்னைத் திட்டவே இல்லை. ஒரு மாதமாக யாருமே என்னைத் திட்டவில்லை.

செப்டம்பர் 6, சனி

தென்காசி பஸ் ஸ்டாண்டில் சுடலை அண்ணன். ஒளிந்துகொள்ள இடம் பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"என்ன பாப்பா, பரீட்சை வருதாம்லா?"

"ஆமா அண்ணே. நீங்க..."

"லாட்ஜ் ஒண்ணுல மோட்டர் போடுதேன். நல்ல வேலைதான். வெயில் இல்ல, மழை இல்ல." சிரித்தார். "அணைச்சேனா இல்லையான்னு மூணு வாட்டி போய்ப் பாக்கேன், கேட்டியா. வீட்டப் பூட்டிட்டுத் தெருமுனையிலேர்ந்து திரும்ப வாரேன். உம் மதினி கிண்டல் பண்ணுதா. லாட்ஜ்ல லைட்டு மாட்டக் கம்பத்துல ஏறச் சொன்னாவ. மாட்டேன்னுட்டேன். பதினாலு வருசம் இந்தக் கையை நம்பித்தான் ஏறினேன். இப்ப அது என்ன செஞ்சுச்சுன்னு அதுக்கே தெரியமாட்டேங்கு."

குற்றாலம் பஸ் வந்தது. "நல்லாப் படி" என்று ஏறிப் போனார்.

செப்டம்பர் 7

சொல்லிரு. சொல்லிரேன். என்ன பண்ணுவாவ, அடிப்பாவளா? அடிச்சா நல்லதுதான. படிச்சது போதும்னு சொல்லிட்டா? அம்மா அன்னைக்கே சொன்னா ஸ்பேனர் எதுக்குன்னு. இனி ஆயுசுக்கும் சொல்லுவா. எம் பிள்ளை எம் பிள்ளைன்னு அப்பா பாக்குற ஆள்கிட்ட எல்லாம் — அந்த மூஞ்சி எப்படி மாறும். ஆனா அந்த அண்ணன் தெருமுனையிலேர்ந்து திரும்பி வாராவ. என்னால. பூட்டுன வீட்ட இழுத்துப் பாக்காவ.

செப்டம்பர் 9, செவ்வாய்

நூலகப் புத்தகத்துக்குக் கெடு தாண்டி இரண்டு வாரம். கடைசிப் பகுதியை இன்று முடித்தேன். மிகப் பெரிய டிஷ்ஷைத் தொய்யாமல் கட்டவே முடியாதாம். சாய்க்கும்போது தன் எடையில் வளையத்தான் செய்யும். அதனால் வளைந்தாலும் இன்னொரு சரியான பரவளையமாகவே வளையும்படி கட்டுகிறார்கள். குவியம் மட்டும் இடம் மாறும். எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டு, சிக்னல் வாங்கியை அங்கே நகர்த்திவிடுகிறார்கள்.

வளைந்ததை மறைப்பதில்லை. அளந்து எழுதி வைக்கிறார்கள்.

செப்டம்பர் 13, சனி

அப்பா ரிசீவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். 61. நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து அவர் மடியில் வைத்தேன். பேச முயன்றால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

விரலை வரிக்கு வரி ஓட்டி வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது நீ போட்ட கோடா?"

"ஆமா."

"பாட்டில் எங்கன?"

எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் வந்து நின்று, "நான் அப்பவே சொன்னேன்லா" என்றாள். "நீ சும்மா இரு, சந்தனமாரி" என்றார். சத்தமே இல்லாத குரல்.

பிறகு சொன்னார்: "அவன் எம் மூஞ்சியப் பாத்து முறுக்கினேன்னான். நான் கோட்ட நம்பினேன்."

அடிக்கவில்லை. எம் பிள்ளை என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

"நீயே சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்" என்று அப்பா பைக்கில் கூட்டிப்போனார். வல்லத்தில் சுடலை அண்ணன் வீடு. மதினி காப்பி கொடுத்தார். காப்பி டம்ளரைப் பிடித்தபடி சொன்னேன், மின்தடையில் தொடங்கிப் பாட்டில் வரை.

சுடலை அண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு மதினியிடம் சொன்னார், எங்களிடம் இல்லை.

"ஏளா, கேட்டியா. நான் முறுக்கித்தான் இருக்கேன்."

மதினி என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். காப்பி பாதி இருந்தது.

அப்பா, "வேலைக்கு வந்துருலே" என்றார்.

"பாப்போம் அண்ணாச்சி. லாட்ஜ்ல சொல்லிட்டுல்லா வரணும்."

திரும்பும்போது பைக்கில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவருக்குத் தெரிந்திருக்கும். மெதுவாகத்தான் ஓட்டினார்.

செப்டம்பர் 17, புதன்

நோட்டை உமாராணி டீச்சரிடம் கொடுத்தேன். ஜூலை 26 பக்கத்தை வாசித்துவிட்டு மூடினார். "கண்காட்சிக்குப் பேர் குடுக்கற தேதி முடிஞ்சிட்டு" என்றார். பிறகு, "பக்கத்தைக் கிழிக்காம வச்சிருக்க" என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சுடலை அண்ணன் வரவில்லை. கம்பியை அளக்க வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா வாசலை எட்டிப் பார்த்தார்.

செப்டம்பர் 27, சனி

தேர்வு முடிந்து முதல் விடுமுறை நாள். காலை ஒன்பதரைக்கு வாசலில் மொபெட் சத்தம். சுடலை அண்ணன். "இன்னைக்குத்தான சூரியன்" என்று மட்டும் சொன்னார். என் காலடியிலேயே இரண்டு மாதம் கிடந்த டூல் பையை எடுத்துக்கொண்டு அப்பாவோடு ஏறினார். அப்பா திரும்பிப் பார்த்து, "நோட்ட எடுத்துட்டு வா" என்றார்.

நான் வாசித்தேன், அவர்கள் டேப் பிடித்தார்கள். 6 அடி 6. 6 அடி 6. மூன்றாவது 6 அடி 3½. சுவரில் இடித்த பக்கம். கம்பியைக் கழற்றி, மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார்கள். மாட்டினார்கள். குறியை மறுபடி தேடினோம். உள்குழாய் 11.4-க்கு வந்தது. மீட்டரில் 77.

பதினொன்று நாற்பதுக்கு எண் இறங்கத் தொடங்கியது. 70, 52, பிறகு ஒன்றுமில்லை. யாரும் பதறவில்லை. டிஷ் முழுக்க வெயில் நிறைந்திருந்தது. எல்.என்.பி.யின் நிழல் மெல்ல நகர்ந்து நடுவில் இருக்கும் போல்ட்டின் மேல் வந்தது. ரூபாய் நாணயத்தின் மேல் நாணயம் வைத்தது போல. மூன்று பேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம். சூரியன் தாண்டிப் போனதும் எண் தானாகத் திரும்பி வந்தது.

அப்பா ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். சுடலை அண்ணன் செய்ததைப் போலக் கால் ஊன்றி, உடம்பு முழுக்கப் போட்டு முறுக்கினேன். பிறகு சுடலை அண்ணன் ஸ்பேனரை வாங்கி அதே நட்டில் வைத்து அழுத்தினார். அசையவில்லை. அப்பா பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பாதி உறைந்திருந்தது. கோட்டைச் சுடலை அண்ணனே போட்டார்.

ஒரு மணிக்கு லாட்ஜில் மோட்டர் போட வேண்டும் என்று கிளம்பினார். ஏணியில் பாதி இறங்கியவர் நின்றார். மேலே ஏறி வந்து, நட்டில் கை வைத்துப் பார்த்தார். இறங்கினார். வாசல் வரை போய்விட்டு மறுபடி ஏறி வந்து தொட்டுப் பார்த்தார். நானும் அப்பாவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாடிக் கதவை அப்பா பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். லைனைக் கம்பெனிக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

நோட்டில் எழுதியது:

தரம் 77. உள்குழாய் 11.4. கம்பிகள் மூன்றும் 6 அடி 6. நிழல் நடுவில்.
முறுக்கியது: வேல்விழி. கோடு: சுடலைமுத்து.
சரிபார்த்தது: மூன்று முறை.